மூடி திறக்காத போத்தல்

லண்டன் இல்ஃபோர்டில் உள்ள தேவாலய மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையில் ஒரு பழைய சிங்க் இருக்கிறது. எத்தனையோ பெண்களின் கண்ணீரும் விஸ்கியும் அதில் ஒன்றாகக் கலந்து ஓடியிருக்கின்றன. மதுவுக்கு எதிரான மாதர் வட்டத்தில் சேர வருகிறவள் தன் வீட்டிலிருந்து ஒரு போத்தலைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் அதில் கவிழ்க்க வேண்டும். பிறகு தலைவி மரியமலர் அவளைப் பக்கத்தில் இருத்தித் தன் கதையைச் சொல்வார். அதைக் கேட்டதும் வந்தவளின் வாயும் திறக்கும்.

மரியமலர் முதியோர் இல்லம் ஒன்றில் பகல் ஷிப்ட் பார்க்கிற விதவை. குடித்தே செத்துப்போன கணவனிடம் தான் பட்ட பாடு வேறொருத்திக்கு வரக்கூடாது என்றுதான் வட்டத்தைத் தொடங்கினார். ஒருவரின் வம்புக்கும் போகாதவர். அப்படிப்பட்டவரின் கையில் இப்போது ஒரு பெண்ணின் வாழ்வே வந்து விழுந்திருந்தது.

அந்தப் பெண் ரஞ்சனா. லண்டன் பத்திரிகைகளெல்லாம் அவள் படத்தைப் போட்டுவிட்டன. கணவன் சயந்தனைப் படியில் தள்ளிக் கொன்றாள் என்று வழக்கு. குடிவெறியில் அவரே தவறி விழுந்தார் என்பது அவள் சொல். அன்று சயந்தன் குடித்திருந்தது உண்மைதான். ஆனால் கலியாண வீட்டில்கூட ஒரு கிளாசோடு எழும்பிவிடுகிற மனிதர் என்று அவருடைய நண்பர்கள் பொலிசிடம் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் ரஞ்சனாவின் வழக்கறிஞர் மரியமலரைத் தேடி வந்தார். கணவனின் குடியைத் தாங்க முடியாமல் அவள் ஒரு வருடமாக வட்டத்துக்கு வந்தாள் என்று நீதிமன்றத்தில் சொன்னால் போதும் என்றார்.

மரியமலர் உடனே சம்மதித்தார். மறுநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. ரஞ்சனா முதல்நாள் கொண்டுவந்த போத்தல்! அதன் மூடி திறக்கப்படவே இல்லை. கடை ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருந்தது. குடிகாரன் வீட்டில் திறக்காத போத்தல் ஏது? மற்றப் பெண்கள் கொண்டுவந்தவை எல்லாம் அரையும் காலுமாகத்தான் இருந்தன. குடிக்காத கணவனைக் குடிகாரனாக்க அவள் அப்போதே சாட்சி தேடத் தொடங்கிவிட்டாளா?

அந்தச் சந்தேகத்தோடு, சட்டன் என்ற ஊரில் தன் தங்கையின் வீட்டில் பிணையில் இருந்த ரஞ்சனாவைத் தேடிப் போனார். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மரியமலர் சுற்றி வளைக்காமல் போத்தலைப் பற்றிக் கேட்டார்.

"அக்கா, அவர் என்ரை நகப்பூச்சாலை போத்திலிலை கோடு போட்டு வைப்பார். ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் எனக்கு அடிதான். அதாலைதான் கடையிலை புதுசு வாங்கிக்கொண்டு வந்தனான்."

மரியமலர் கோப்பையைக் கீழே வைத்தார். நகப்பூச்சால் கோடு போட்டவர் மரியமலரின் கணவர். வட்டத்தில் சேரும் ஒவ்வொருத்திக்கும் மரியமலர் சொல்கிற கதை அதுதான். ரஞ்சனாவுக்கும் சொல்லியிருந்தார்.

"அது என்ரை கதையெல்லோ, பிள்ளை."

"எங்கடை வீடுகளிலை எல்லாம் ஒரே கதைதானே, அக்கா," என்றாள் ரஞ்சனா. கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் பதில் தயாராகக் காத்திருந்ததுபோல் வந்தது.

மரியமலர் அவள் நகங்களைப் பார்த்தார். பூச்சு இல்லை. ஒருநாளும் இருந்ததாக நினைவும் இல்லை. பொய்க்காரி என்று எழும்பப் போனவரின் பார்வை தன் விரல்களில் விழுந்தது. அந்தக் கோடுகளைக் கண்ட பிறகு அவரும்தான் நகப்பூச்சைத் தொடவில்லை. எதை நம்புவது?

வீடு திரும்பியதும் வழக்கறிஞருக்குப் போன் செய்தார். நீதிமன்றத்துக்கு வருவதாகவும், ஆனால் மூடி திறக்காத போத்தலையும் சேர்த்து, கண்டதும் கேட்டதும் முழுவதையும் சொல்லப்போவதாகவும் சொன்னார். வழக்கறிஞர் நன்றி சொல்லி, அப்படியென்றால் நீங்கள் வரத் தேவையில்லை என்றார்.

அடுத்த நாள் ரஞ்சனாவே அழைத்தாள்.

"நீங்களும் என்னை நம்பேல்லையோ, அக்கா?"

"நான் கண்டதைத்தான் சொல்ல இருந்தனான், பிள்ளை," என்றார் மரியமலர். ரஞ்சனா போனை வைத்தாள்.

சனிக்கிழமை ஜதுர்ஷிகா என்ற இளம்பெண் புதிதாக வந்தாள். கன்னத்தில் கன்றிய தடம். பையிலிருந்து போத்தலை எடுத்தாள். மரியமலரின் கண் அவள் கன்னத்துக்குப் போகவில்லை. போத்தலின் மூடிக்குத்தான் முதலில் போனது. விஸ்கி சிங்கில் இறங்கி முடிந்ததும் எல்லோரும் வழக்கம்போல் தலைவியின் கதைக்காகக் காத்திருந்தார்கள்.

மரியமலர் குழாயைத் திறந்து சிங்கைக் கழுவிக்கொண்டே நின்றார். ரஞ்சனாவின் வாயிலிருந்து திரும்பி வந்த அந்தக் கதையை அவர் சொல்லவில்லை.