அருள்புரம் 8.40: மைனஸ் ஒன்று

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. 2006-ஆம் ஆண்டு, திருப்பூர் ராயபுரத்தில், ஒரு நூல் கடையின் மாடியில். நடந்தது அந்தோணிராஜுக்கு. அவர் குடிக்கிறவர் இல்லை. கதை கட்டுகிற ஆளும் இல்லை. நாள் முழுக்க எண்களோடு மாரடிக்கிற மனிதர்.

சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பிழைக்க வந்து எட்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்ததில் கண் கெட்டது. பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஆபீஸில் சேர்ந்தார். ஒவ்வொரு ட்ரிப்பிலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கண்டக்டர்கள் தருகிற தாளைப் பார்த்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சேர்ந்த அன்றே மேனேஜர் பொன்னுச்சாமி ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"ஒக்கார அம்பத்திரண்டு, நிக்க இருவது. பர்மிட்டு எழுவத்திரண்டு பேருக்குத்தானுங்க. கண்டக்டர் எத்தன எழுதுனாலும் நீங்க எழுவத்திரண்டோட நிறுத்திக்கோணும்."

அந்தோணியும் நிறுத்திக்கொண்டார். தாளில் 80 என்று வந்தால் 72. 95 வந்தாலும் 72. யோசிக்காமலே கை அடித்துவிடும். ஐந்து வருடப் பழக்கம்.

அந்த ஆகஸ்டில் உத்தரவு தலைகீழானது. அருள்புரம் வழியில் இன்னொரு பஸ் விட முதலாளி பர்மிட் கேட்டிருந்தார். கூட்டம் நிரம்பி வழிகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

"இப்ப உள்ளத உள்ளபடி அடிங்க. தொண்ணூறுன்னா தொண்ணூறு."

"இத்தன நாளு எழுவத்திரண்டுதான சார் ஏறுச்சு?"

"பஸ்ஸுந்தான் வளருமுங்க" என்றார் மேனேஜர், சிரிக்காமல்.

பதினான்கு நாள் எண்ணுவதாக ஏற்பாடு. முன் வாசலில் ஒரு ஆள், பின் வாசலில் ஒரு ஆள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறியவர், இறங்கியவர் என்று பென்சிலால் கோடு போட்டு வர வேண்டும். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. பின் வாசலில் எண்ணியவர் கிட்டுசாமி. பல வருடம் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முட்டி தேய்ந்து உட்கார்ந்துவிட்டவர்.

காலியாகக் கிளம்புகிற பஸ் காலியாகத்தான் போய்ச் சேரும். ஏறியவரில் இறங்கியவரைக் கழித்தால் கடைசியில் பூஜ்யம் வர வேண்டும்.

"ஒரு ஆள் ஒதைச்சாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மூஞ்சில வீசிப்போடுவாங்க. அப்பறம் நீங்க வேற எடம் பாத்துக்க வேண்டீதுதான்" என்று சொல்லிவைத்தார் மேனேஜர்.

வேறு இடம் என்றால் மறுபடி செக்கிங் டேபிள். கண் தாங்காது. அந்தோணிக்கு அது தெரியும்.

முதல் நாள், பதினொரு ட்ரிப் பூஜ்யம். ஒரே ஒரு ட்ரிப், அருள்புரத்தில் இரவு 8.40-க்குக் கிளம்புவது, மைனஸ் ஒன்று.

ஏறியவர் 88. இறங்கியவர் 89.

எண்ணியதில் தப்பு என்று விட்டுவிட்டார். இரண்டாம் நாள், அதே ட்ரிப், மைனஸ் ஒன்று. மூன்றாம் நாளும். கூட ஒரு ஆள் இறங்குவது எப்போதும் ஒரே ஸ்டாப்பில். வீரபாண்டி தாண்டி, வாய்க்கால் மேடு. எப்போதும் பின் வாசல்.

கிட்டுசாமியைப் பிடித்தார்.

"அண்ணே, வாய்க்கால் மேட்டுல தெனம் ஒண்ணு கூடப் போடுதீங்க. ஏறாத ஆளு எப்படிண்ணே எறங்கும்?"

கிட்டுசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

"எறங்குனதத்தானுங்க போட்டேன்."

"யாரு எறங்குனா?"

"எண்ணச் சொன்னீங்க... எண்ணுனனுங்க. ஆளப் பாக்கச் சொல்லலியே." சீவிய பென்சிலை நீட்டினார். "ஒரு நாளைக்கு நீங்களே வந்து எண்ணிப் போடுங்க சாமி."

எட்டாம் நாள் அந்தோணியே போனார்.

இரவு 8.40. ஒன்றரை ஷிப்ட் முடிந்த கூட்டம். தலைமுடியில் பஞ்சுத் தூசி, கண்ணில் தூக்கம். பேசக்கூட யாருக்கும் தெம்பு இல்லை. நின்றபடியே தூங்கினார்கள். அந்தோணிக்கும் காலையில் இருந்து முதுகு விட்டுப்போயிருந்தது. பின் படிக்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

9.04. வாய்க்கால் மேடு.

யாரும் விசில் அடிக்கவில்லை. பஸ் நின்றது.

நான்கு பேர் இறங்கினார்கள். இரண்டு பெண்கள், ஒரு பெரியவர், டிபன் கேரியரோடு ஒரு ஆள். நான்கு.

படியில் நின்ற கூட்டம் உடனே மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. இன்னும் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூக்கக் கலக்கத்தில், பழக்கம்போல ஒதுங்கி நின்றார்கள்.

கீழ்ப்படித் தகடு அமுங்கியது.

க்ரீச்...

மேலே எழும்பியது. பாரம் இறங்கினால் எழும்புமே, அப்படி.

பஸ் கிளம்பியது.

அந்தோணி கையில் இருந்த தாளைப் பார்த்தார். நான்கு கோடு. குறுக்கே ஐந்தாவது கோடு.

அவர் போட்ட ஞாபகம் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கணக்கு ஒதைக்கிறது என்பது வெளியே வரும். அந்தப் பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

பதினோராம் நாள், புதன்கிழமை. சாயங்காலம் மேனேஜர் போனில் கேட்டார். இதுவரை உள்ளதை நாளைக் காலை பிரிண்ட் போட்டு வைக்க வேண்டுமாம்.

அந்தோணி ஒரு முடிவுக்கு வந்தார். கணக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் என்றாவது செய்கிற காரியம்தான். ஒன்று குறைகிறதா? எங்கேயாவது ஒன்றைப் போடு. ஒத்துப்போகும்.

8.40 ட்ரிப்பின் பத்து நாள் ஷீட்டையும் சேர்த்துப் பிடித்தார். அப்படிப் பிடித்து ஒரு கட்டத்தில் அடித்தால் பத்து ஷீட்டிலும் விழும். ஏற்கெனவே எண் இருக்கிற கட்டம் ஆகாது, அழிந்துவிடும். பத்து நாளும் யாருமே ஏறாத ஸ்டாப் வேண்டும். இரண்டு இருந்தன. பட்டறை முக்கு, ரேஷன் கடை.

ரேஷன் கடை வரிக்குப் போனார். 1 அடித்தார். என்டர்.

ஒன்று போய் நின்றது பட்டறை முக்கில்.

கண் மங்கல் என்று நினைத்தார். எதுவானால் என்ன? கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் வந்துவிட்டது. விட்டுவிட்டார்.

6.52. கரண்ட் போனது.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... திரை வெளிச்சம் மட்டும். கீழே நூல் கடையை அன்று சீக்கிரமே பூட்டிவிட்டார்கள்.

மாடிப்படி இரும்பு.

டங்.

யாரோ ஏறுகிறார்கள்.

டங்... டங்... அவசரம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர்கள் ஏறுவதுபோல, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.

எண்ணிப் பழகிய மனது. அவர் விரும்பாமலே எண்ணியது. பதினொன்று... பன்னிரண்டு... பதின்மூன்று...

பதினான்கு.

கதவு திறந்துதான் இருந்தது.

யாரும் இல்லை.

பீப்... பீப்...

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் முழங்கைக்கு அருகில்.

அதன் கால் மெல்ல விரிந்தது.

கிறீச்...

பாரம் உட்கார்ந்த சத்தம்.

அவர் திரும்பவில்லை.

திரையையே பார்த்தார். 1. பட்டறை முக்கு. 1.

பீப்...

7.06-க்கு கரண்ட் வந்தது. நாற்காலி காலி. ஆனால் சுவரைப் பார்த்து இருந்த நாற்காலி இப்போது திரையைப் பார்த்து இருந்தது.

அன்று இரவில் இருந்தே 8.40 ட்ரிப் தானாகவே ஒத்துப்போனது. கடைசி நான்கு நாளும் பூஜ்யம். "வாய்க்கால் மேட்டுல இப்ப பஸ்ஸு தானா நிக்கறதில்லீங்க" என்று மட்டும் சொன்னார் கிட்டுசாமி. அறிக்கை போனது. யாரும் முகத்தில் வீசவில்லை. அக்டோபரில் இரண்டாவது பஸ் ஓட ஆரம்பித்தது. அந்தோணியின் வேலை நிலைத்தது.

அந்த நாற்காலி மட்டும் தினமும் காலையில் திரைப் பக்கம் திரும்பியிருக்கும். உட்காரும் இடத்தில் கொஞ்சம் பஞ்சுத் தூசி. ஊரெல்லாம் பறக்கிற தூசிதானே? தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

டிசம்பர் 6. மழை. சாயங்காலம் 6.40. மேனேஜர் இல்லை. நனைந்த பெரியவர் ஒருவர் மாடி ஏறி வந்தார். பெயர் ராக்கையா. பேச்சில் தெற்கத்தி வாடை.

"மேனேசரு இல்லையா? நல்லதாப் போச்சு. அவரு இருந்தா வாசல்லயே வெரட்டிருவாரு."

"என்ன வேணும் பெரியவரே?"

"எம் மக மயிலாளு, அய்யா. மூணு வருசத்துக்கு முந்தி ஒங்க 8.40 வண்டிலருந்து விழுந்து செத்தா. வாய்க்கால் மேட்டுல. எறங்கப் போகயில."

அந்தோணி கீபோர்டில் இருந்து கையை எடுத்தார்.

"அவ ஏறவே இல்லைன்னு கோர்ட்டுல சொல்லிட்டாக. ரோட்டுல நடந்து போனவளாம். கண்டக்டரு கிட்டுசாமியும் அப்படியே சொல்லிட்டாரு. அப்பீலு போட்டுருக்கு. அவ ஏறுனான்னு ஒரு காயிதம் இருந்தாக் குடுங்கய்யா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எங்கன ஏறுவாக?"

"கூட்டம் நெறஞ்சா ஸ்டாப்புல நிறுத்த மாட்டாகளே. பட்டறை முக்குல வண்டி மெதுவாப் போவும்லா? அங்கனதான் தாவி ஏறுவா."

பெரியவர் பிளாஸ்டிக் பைக்குள் இருந்து ஒரு தாளை எடுத்தார். அன்று ஏறியவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று கம்பெனி கோர்ட்டில் கொடுத்த ஆதாரம். எக்செல் பிரிண்ட். 2003 செப்டம்பர் 9. 8.40 ட்ரிப். கொள்ளளவு 72. பயணிகள் 72. கீழே, தயாரித்தவர், அ.ரா.

அவருடைய கையெழுத்து.

அந்தோணி எழுந்து பீரோவைத் திறந்தார். பழைய கண்டக்டர் தாள்கள் மாத வாரியாக, பனியன் துணிக் கிழிசலில் கட்டிக் கிடந்தன. 2003 செப்டம்பர் கட்டை அவிழ்த்தார். ஒன்பதாம் தேதி. 8.40. கிட்டுசாமியின் பென்சில். ஐந்து ஐந்தாகப் பதினான்கு கட்டு. பக்கத்தில் மூன்று கோடு.

73.

இவர் கழித்தது ஒன்றே ஒன்று.

இந்தத் தாள் வெளியே போனால் வேலை போகும். போனது, மறுநாளே. செக்கிங் டேபிளுக்குத்தான் திரும்பினார். ஆனால் அந்த நிமிடம் அவர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. தாளைப் பெரியவர் கையில் கொடுத்தார்.

ராக்கையாவுக்கு எழுத்துத் தெரியாது. கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல எம் மக எதுய்யா?"

அந்தோணி கடைசிக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

கிறீச்...

பக்கத்து நாற்காலி.

பிறகு மாடிப்படி.

டங்... டங்... டங்...

பெரியவரும் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா எறங்கிப் போறது?"

அந்தோணி எண்ணிக்கொண்டிருந்தார். பதின்மூன்று... பதினான்கு. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆகஸ்டில் ஏறிய சத்தம் கேட்டது. இறங்கிய சத்தம் இன்றுதான் கேட்கிறது.