குழாயில் வந்த பாடம்

ஆனையூரில் மைக்செட் கடை வைத்திருக்கும் ஜெர்சனுக்குச் சர்க்கரை வந்து சில வருசம் ஆச்சு. அதோடு வந்த இன்னொரு சங்கதியைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை. ராத்திரி சாமான் களவு போகும் என்று சாக்குச் சொல்லி, கட்டிலைக் கடைக்குள் போட்டுக்கொண்டார். மாடியில் மனைவி ஆன்மேரி தனியாகப் படுத்தாள். அவள் கேட்டதில்லை, இவர் சொன்னதில்லை. சொன்னால் ஆம்பளைக்கு மானம் ஏது?

ஆன்மேரி நர்சிங் டீச்சர். சாயங்காலமானால் மாடியிலிருந்தே நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் ஆன்லைனில் வகுப்பெடுப்பாள். ஏதோ மருந்து சமாச்சாரம் என்றுதான் ஜெர்சன் நினைத்திருந்தார். தொண்டை கட்டுகிறதே என்று கடையிலிருந்து கார்ட்லெஸ் மைக் ஒன்றைக் கொடுத்ததும் அவர்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வாடிப்பட்டி பேயாண்டி, மகள் காதுகுத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் பார்க்க வந்திருந்தான்.

"சத்தம் எம்புட்டு தூரம்ணே போகும்?"

"நீயே கேளு மாப்ள." குழாயைத் தெருப்பக்கம் திருப்பி ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்.

"சர்க்கரை இருக்கிற ஆம்பளைக்கு உறுப்பு விறைக்காமப் போறது சகஜம்," என்றது குழாய்.

ஆன்மேரி குரல்! எதிரே டீ ஆற்றியவன் கை அந்தரத்தில் நின்றது. ஜெர்சன் ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குக் கொடுத்த மைக்கோட சத்தத்தை வாங்குகிற இன்னொரு ரிசீவர் அதில் சொருகினபடியே கிடந்திருக்கிறது. தொழில்காரன் செய்யிற வேலையா இது?

ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"வெக்கப்பட்டுக் கட்டிலை வேற எடத்துக்கு மாத்திக்கிருவாங்க. என்னையப் பிடிக்காமப் போச்சோன்னு பொண்டாட்டி அழுதுகிட்டுக் கெடப்பா. நீங்களாக் கேட்டாத்தான் அவங்க வாயைத் தெறப்பாங்க."

ஜெர்சன் கை அப்படியே நின்றுவிட்டது. அழுதாளா?

"அணைச்சிராதண்ணே," பேயாண்டி கையைப் பிடித்தான். "எனக்கும் சக்கரைதான். வைத்தியம் இருக்கா இல்லையான்னு சொல்லட்டும்."

"சத்தத்தைக் கூட்டுண்ணே!" டீக்கடையிலிருந்து எவனோ கத்தினான்.

"பெரும்பாலும் வைத்தியம் இருக்கு," என்றது குழாய். பேயாண்டி பெருமூச்சு விட்டான். அதற்குமேல் தாங்காமல் ஜெர்சன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வகுப்பு முடிகிற மட்டும் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" கதவைத் திறந்த ஆன்மேரி கேட்டாள்.

"நீ பேசுனது கீழ குழாயில வந்துருச்சு. தெருப்பூராக் கேட்டுச்சு."

ஆன்மேரி வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஏசுவே! எதுவரைக்கும்?"

"கட்டிலையும் தாண்டி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெர்சன் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"நாளைக்கு டாக்டர்ட்டப் போறேன். நீயும் வா, எனக்குப் பேச வராது. கட்டிலை இப்பவே மேல ஏத்திரவா?"

"கடைச் சாமான்?"

"களவாண்டு போனாப் போகட்டும்."