நெய்யில் வதக்கிய இலை

மலாயாவில் ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது மழையுமல்ல, ரப்பர் காடுமல்ல. பக்கத்து வீட்டு உரல். ரயில்வே குவாட்டர்ஸில் என் அயலவர் கர்த்தார் சிங், ஒரு காவல்காரர். இங்கே சீக்கியரை வங்காளி என்கிறார்கள். ஏனென்று என்னைக் கேட்காதேங்கோ. ஞாயிறு தோறும் முற்றத்தில் உரலோடு குந்தியிருந்து, கஞ்சா இலையைப் பாதாம் பருப்போடும் மிளகோடும் அரைத்து, பாலில் கரைத்து, துணியில் வடித்துக் குடிப்பார். பிறகு சிரிப்பார், பாடுவார், ரொட்டியை அடுக்கடுக்காகத் தின்றுவிட்டுக் குறட்டை விடுவார். அவ்வளவுதான்! எனக்கோ கஞ்சா என்றால் இரத்தம்தான் நினைவுக்கு வரும்.

ஒருநாள் எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். "மினும், பாபு." குடி என்கிறார்.  தெரிந்த மலாயில் "அபாங் மாத்தி" என்றேன், அண்ணன் செத்துப்போனார் என்று. மனுசன் அன்றைக்குத்தான் தந்தி வந்தது என்று நினைத்துவிட்டார். கோப்பையை மண்ணில் கவிழ்த்துவிட்டு, பொழுதுபடும்வரை என் பக்கத்தில் இருந்தார். அது எப்போதோ நடந்தது என்று விளங்கப்படுத்த என் மலாய் காணவில்லை.

அண்ணை எங்கள் ஊர் பருத்தித்துறையில் தோணி ஓட்டினவர். கஞ்சா புகைப்பார், மறைப்பானேன்? பூமொட்டின் பிசின் புகையாய்ப் போனால் உடனே தலைக்கேறும். கண் சிவக்கும், பசிக்கும், நித்திரை வரும், கெதியில் இறங்கிவிடும். அந்த அளவு அவருக்குத் தெரியும். பாய்மரத்தால் விழுந்து இடுப்பு நொந்தபோது ஆரோ லேகியம் கொடுத்தான். நெய்யில் வதக்கிய கஞ்சா. ஓர் உருண்டை விழுங்கினார், ஒன்றும் செய்யவில்லை. "உது என்ன, வெறும் பனங்கட்டியோ?" என்று பகிடி பண்ணிக்கொண்டு இன்னும் இரண்டை விழுங்கினார். புகைத்துப் பழகினவன் விடுகிற பிழை அது. வயிற்றுக்குள் போனது ஆறுதலாக, மெள்ளத்தான் ஏறும்; ஏறினால் லேசில் இறங்காது, அதன் குணமும் வேறு. மத்தியானம் மூன்றும் சேர்ந்து ஏறின. நெஞ்சு படபடத்தது, நாக்கு வறண்டது, எங்களையே ஆரென்று தெரியவில்லை. "கொல்ல வாறாங்கள்!" என்று கத்தியபடி மீன் வெட்டும் கத்தியை எடுத்து எங்களைப் பெத்த ஐயாவின் தோளில் இறக்கினார்.

அயல் திரண்டது. துடுப்புகளால் அடித்தார்கள். மண்டையில், முதுகில், விழுந்த பிறகும் அடித்தார்கள். "வெறி முறிஞ்சிடும், விடுங்கோ! ஐயோ, என்ரை மனுசனை விடுங்கோ!" என்று மச்சாள் குழறினா. நான் இரண்டு கையாலும் ஐயாவின் காயத்தை அமத்திப் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் ஐயா போய்விடுவார். ஐயா பிழைத்தார். அண்ணை பொழுதுபட முன்னம் செத்துப்போனார். அவரைக் கஞ்சா கொல்லவில்லை, ஊரவங்கள்தான் கொன்றாங்கள். கோதாரியில போவாங்கள்! இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் இங்கேயும் அதே கூத்து. கர்த்தாரின் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரன் ஒருவன் அவருக்குக் கஞ்சா போட்ட நெய் அல்வா கொண்டுவந்தான். பால் குடிக்கிற கணக்கில் மனுசன் அதை அள்ளித் தின்றுவிட்டார். பட்டப்பகலில் தடியோடு ரோட்டுக்கு ஓடி, எதிரே வந்த வண்டிக்காரனின் தாடையை உடைத்தார். சீனர், மலாயர், எங்கள் ஆட்கள், எல்லோரும் கம்பும் இரும்புமாகத் திரண்டார்கள். தலைப்பாகை அவிழ்ந்து, மயிர் சேற்றில் புரள, கர்த்தார் விழுந்தார். அடி இடியாய் இறங்கியது. நான் அவர் மேலே விழுந்து படுத்தேன். படித்த மலாயெல்லாம் பறந்துவிட்டது.

"அடியாதேங்கோ! வெறி முறிஞ்சிடும், அடியாதேங்கோடா!"

பருத்தித்துறையில் குழறுகிறமாதிரிக் குழறினேன். ஆர் கேட்டார்கள்? ஓர் இரும்புக் கம்பி என் தோளெலும்பை முறித்தது. பொலிஸ் வந்து இழுக்கும்வரை நான் எழும்பவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கர்த்தார் கண் திறந்து, "மக்கான்" என்றார். பசிக்கிறதாம். நான் விக்கி விக்கி அழுதேன். அவர் என் முகத்தைத் தடவி, "பாயீ, பாயீ" என்றார். சகோதரன் என்று அர்த்தமாம்.

"ஓம், அண்ணை" என்றேன். அப்படிக் கூப்பிட ஊரில் எனக்கு ஆளில்லை.