முன்தண்டுக்காக ஒரு ஜிம்

பம்பாயில் எங்கள் செம்பூர்க் கோயிலில் உற்சவம் என்றால் பெருமாள் தோளுக்கினியானில் வீதிவலம் வருவார். இரண்டு நீளத் தண்டுகளுக்கு நடுவே அமைந்த திறந்த பல்லக்கு அது. அந்தப் பெயரை வைத்தவர் நிச்சயம் அதைத் தூக்கியவராக இருக்க முடியாது. முன்னால் இருவர், பின்னால் இருவர். பல வருடங்களாக முன் இடது தண்டு என்னுடையது.

இதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் தெரு முனையில் பல்லக்குத் திரும்பும்போது ஜனங்கள் முதலில் பார்ப்பது முன்தண்டுக்காரனைத்தான். எல்லாப் புகைப்படத்திலும் பெருமாளுக்குச் சற்றுக் கீழே அவன் முகம் இருக்கும். கற்பூரம் காட்டினால் வெளிச்சத்தில் கொஞ்சம் அவன் மேலும் விழும். அலுவலக வாழ்க்கை முழுக்க யாரும் என்னை முன்வரிசையில் உட்கார வைத்ததில்லை. இங்கே பெருமாளே எனக்குப் பின்னால் வருகிறார்.

போன உற்சவத்தில் அந்தப் பதவி ஆட்டம் கண்டது. ரயில்வே பாலத்தை ஒட்டிய ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வாங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. மழையில் நனைந்த ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் அது. கையைத் தூக்கினேன், வேறொருவர் ஓடிவந்து தோள் கொடுத்தார். யாரோ அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். நான் வீடு திரும்புவதற்குள் நெருளில் இருக்கும் மச்சினி போன் செய்து என் மனைவியிடம் துக்கம் விசாரித்துவிட்டாள்.

பல்லக்குக்கு ஆள் நிறுத்துவது ஓய்வுபெற்ற ஆடிட்டர் மாமா ஒருவரின் பொறுப்பு. பிரசாத வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அடுத்த வருஷம் நீர் குடை பிடியுமேன். அதுவும் கைங்கர்யம்தானே ஓய்.”

கைங்கர்யம்தான். ஆனால் குடைக்கு அடுத்த பதவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சேவிப்பது.

“ஒரு வருஷம் டயம் குடுங்கோ மாமா. உடம்பைத் தேத்திண்டு வந்துடறேன்.”

“தேத்தும். முதல் நாள் புறப்பாட்டுல பார்ப்பேன். திணறினீர்னா குடைதான்.”

என் ஜோடி, அதாவது முன் வலது தண்டுக்காரர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். என் வயதுதான், என் உயரம்தான். அவருக்கு மட்டும் ஏன் மூச்சு வாங்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் பழைய கட்டடம் இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்டுக்குப் போய் லிஃப்ட்டோடு எழுந்து நின்றுவிட்டது. அவருடையது இன்னும் போகவில்லை. மூன்றாவது மாடி, படி மட்டும்தான். உடற்பயிற்சி என்று அவர் எதுவும் செய்வதில்லை, மறதி மட்டும் உண்டு. கறிவேப்பிலைக்காகக் கீழே இறங்கி பேப்பரோடு மேலே போவார். அவர் வீட்டு மாமி மறுபடி அனுப்புவார். அந்த மாமியும் எல்லாவற்றையும் ஒரே நடையில் சொல்லி அனுப்பும் வழக்கம் இல்லாதவர். வாழைத்தண்டு மாட்டுங்கா மார்க்கெட்டில்தான் நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி.

எனக்கு மறதி வராது, மனக்குறைதான் வரும். ஆகவே மகள் என்னை ஜிம்மில் சேர்த்தாள். கையில் ஒரு கடிகாரம் கட்டிவிட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்தால் அது துடிக்கும். திருமணமாகி இத்தனை வருடங்களில் என் மனைவிகூட அப்படிச் செய்ததில்லை.

பயிற்சியாளர் ஒரு மராட்டி இளைஞர். கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு என் குறிக்கோள் என்ன என்று கேட்டார். எடையா, தசையா, சர்க்கரையா? எனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் பெருமாளையும் பல்லக்கையும் விளக்கினேன்.

“அச்சா, பால்கி! ஹமாரா கண்பதி ஜைசா!” என்று உற்சாகமாகிவிட்டார். அவரும் அவர்கள் தெரு கணபதியைத் தூக்குபவராம். அன்றிலிருந்து என் உடம்பை ஒரு பொதுக்காரியமாக எடுத்துக்கொண்டார். என்னைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் பிடித்துக் காட்டினார். ஓட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் ஆமை போல இருந்தேன்.

“வெயிட் பாத் மே, அங்கிள். பஹலே போஸ்ச்சர்.”

எடையெல்லாம் பிறகு, முதலில் நிமிர்ந்து நில் என்று அர்த்தம். “சீனா பாஹர்!” என்பார், மார்பு வெளியே வரவேண்டும். மார்பு வெளியே வந்தால் தொப்பையும் துணைக்கு வரும். அதை உள்ளே அனுப்பினால் மூச்சும் கூடவே போய்விடும். இந்த மூன்றையும் சமாதானப்படுத்தவே மழைக்காலம் முடிந்துவிட்டது.

என் ஜோடி கோயிலில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார்.

“காசு குடுத்தா ஓய் வெயிட்டு தூக்கறீர்? எங்காத்துக்கு வாரும். காலி சிலிண்டர் கீழ போகணும், ரொம்பினது மேல வரணும். ஃப்ரீ.”

“இது சயன்ஸ். உமக்குப் புரியாது.”

“எனக்கு எதுக்குப் புரியணும்? எனக்குத்தான் மூச்சு வாங்கலையே.”

உற்சவம் வந்தது. முதல் நாள் மாலை, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என் இடத்தில் நின்றேன். “கோவிந்தா” என்று குரல் எழுந்ததும் தூக்கினோம். என்ன ஆச்சரியம், தோள் சுகமாகத் தாங்கியது. பெயர் வைத்தவர் ஒருவேளை ஜிம்முக்குப் போனவரோ என்று தோன்றியது. கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் பல்லக்கோடு நடந்து வந்த பட்டரின் அலறல் கேட்டது.

“நிறுத்துங்கோ! பெருமாள் சாயறார்!”

இறக்கினோம். ஆடிட்டர் மாமா ஓடிவந்தார். இடது தண்டு உயரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எல்லாரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள்.

“நீர் என்ன, செருப்புப் போட்டுண்டா நிக்கறீர்?”

“செருப்பில்லை மாமா, ஜிம்” என்றார் என் ஜோடி. “மனுஷன் நிமிர்ந்துட்டார்.”

அவருடைய தோளில் இன்னொரு துண்டு வைத்துப் பார்த்தார்கள். அது நழுவியது. “கொஞ்சம் கூனுமேன் ஓய், பழையபடி!” என்று அவர் கெஞ்சினார். கூனினேன். இரண்டடி வைப்பதற்குள் உடம்பு தானாக விறைத்துக்கொண்டது. இத்தனை காலம் நான் சொல்லி எதையும் கேட்காத உடம்பு அந்தப் பையன் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

“நான் திணறவே இல்லையே மாமா!”

“நீர் திணறலை. பெருமாள் திணறறார்.”

தீர்ப்பு உடனே வந்தது. பின் இடது தண்டில் ஓர் ஐடிக்காரர் இருந்தார். முன்பு நல்ல நெட்டையான ஆள். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் குனிந்து குனிந்து என் பழைய உயரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவரை முன்னால் நிறுத்தி, பின் வலதில் இருந்த நெட்டைக்கு இணையாக என்னைப் பின்னால் அனுப்பினார்கள். பெருமாள் நேரானார். தெருவில் எல்லாரும் கைதட்டினார்கள், என்னைத் தவிர. புகைப்படங்களில் இனி நான் பல்லக்கின் மறைவில் இரண்டு கால்கள்.

கொஞ்ச தூரம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிறகு பழக்கதோஷத்தில் தலை நிமிர்ந்தது. எனக்கு நேர் மேலே பெருமாளின் முதுகு. கொண்டையிலிருந்து இடுப்புவரை இறங்கும் மல்லிகைப் பின்னல், நடுநடுவே மருவு, நடைக்கேற்ப ஆடும் குஞ்சம், பட்டு நழுவாமல் இருக்க பட்டர் ரகசியமாகக் குத்திய ஒரு சாதாரண ஊக்கு. இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன், புறப்பாட்டில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முன்தண்டுக்காரன் எங்கே திரும்பிப் பார்ப்பது?

பாலத்து ஏற்றம் தொடங்கியது. முன்னாலிருந்து என் ஜோடியின் குரல் வந்தது.

“பின்னாடி சத்தத்தையே காணோமே! இருக்கீரா ஓய்?”

“இருக்கேன். பெருமாளைப் பாத்துண்டிருக்கேன்.”

அவர் தண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். பிறகு, கேலி இல்லாமல், “எப்படி இருக்கார்?” என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். கொண்டையில் தொடங்கி, பூ பூவாக, ஊக்கையும் விடாமல், ஏற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஆடிட்டர் மாமாவே வந்து, வாயை மூடிக்கொண்டு தூக்கும்படி கேட்டுக்கொண்டார்.