பூசணிக்காய்க் கூட்டும் ஒரு போலீஸ் நிலையமும்

இந்தியாவின் தூதர் யார் என்று கேட்டால் நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? கோட்டு போட்டுக்கொண்டு அயல்நாட்டு அமைச்சரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறாரே, அவரையா? அப்படியானால் மல்லசமுத்திரத்துத் தமிழ்ச்செல்வியை உங்களுக்குத் தெரியாது.

வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு நைட்டி தைப்பவள் தமிழ்ச்செல்வி. கணவன் நந்தகுமார் ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், டிரில்லர். அந்த வட்டாரத்து ரிக் வண்டிகள் போகாத தேசமில்லை. அவன் வண்டி கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அவனும் போனான். அங்கிருந்து அவன் வீடியோ எடுத்து அனுப்புவான். இவள் அதை வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து, யூடியூபில் போடுவாள். பாறையைப் பிளந்து தண்ணீர் பீறிடுவதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? கூட்டம் சேர்ந்தது.

பாறையை உடைப்பது கம்ப்ரஸரின் காற்று. நம் ரிக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டிவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு போட வந்தவர்கள், பூசணிக்காயைக் குடைந்து குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, வண்டிக்குத் திருஷ்டி சுற்றி, துளை போடவேண்டிய இடத்திலேயே உடைத்தார்கள். சிவப்பு நாலாபக்கமும் தெறித்தது. தமிழ்ச்செல்வி பக்திப் பாட்டு சேர்த்து அதையும் போட்டாள்.

அந்த நாட்டில் யாரோ அந்தத் துண்டை மட்டும் கத்தரித்து, நம் கிணற்றில் அந்நியர்கள் ரத்தம் ஊற்றுகிறார்கள் என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். விடிந்ததும் ஊர் திரண்டு வண்டியைச் சூழ்ந்தது. போலீஸ் வந்து ரிக்கைப் பூட்டி, பாஸ்போர்ட்டுகளைப் பிடுங்கி, ஆட்களை நிலையத்துக்குப் பின்னாலிருந்த அறையில் உட்காரவைத்தது.

அவர்களை மூடர்கள் என்று சிரிக்காதீர்கள். எடப்பாடியில் உங்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியோரம் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரன் ஒருவன் சிவப்பாக எதையோ ஊற்றினால், காப்பி கொடுத்தா உபசரிப்பீர்கள்? பிள்ளை பிடிக்கிறவன் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி வழிப்போக்கரை அடித்தவர்கள் நம்மிலும் உண்டு.

அங்கிருக்கும் நம் தூதரகத்துக்குத் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். இளம் அதிகாரி ஒருவர் மரியாதையாகவே பேசினார். அந்த நாட்டு அமைச்சகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரும்வரை பொறுக்க வேண்டும் என்றார். தூதரகத்தின் இணையப் பக்கத்தில் அன்று யோகா படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பொறுக்க முடியாமல், ரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினாள்.

காப்பாற்றினார்கள்! சாயங்காலத்துக்குள் அந்த நாட்டுப் போலீசின் இணையப் பக்கத்தில் நம் பிள்ளைகள் புகுந்து, அவர்கள் நிறத்தையும் பிறப்பையும் இழுத்துவைத்து எழுதித் தள்ளிவிட்டார்கள். நிலையத்திலிருந்து நந்தகுமார் போனில் கூப்பிட்டான்.

“அம்மிணி, நம்ம ஆளுங்க வையறத நிறுத்தச் சொல்லு. காலைல இந்தப் போலீஸ்காரங்க நம்மூருக் களி மாதிரியே ஒண்ணு கிண்டிப் பாசமாக் குடுத்தாங்க. இப்பத் தண்ணி கேட்டாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கறாங்க.”

தமிழ்ச்செல்விக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குழுவை நடத்தும் ரிக் முதலாளி கருப்பண்ணனுக்குப் போன் போட்டாள்.

“நீதானம்மிணி கூப்புட்டே?” என்றார் அவர்.

“சண்டைக்குங்களா கூப்புட்டேன்? வெள்ளைக்காரன் நம்மளக் கறுப்பன்னா எரியுதல்லங்க? கண்ணாடியப் பாத்துப்போட்டு எழுதச் சொல்லுங்க அவிங்கள.”

அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு அழிக்கவைத்தார்.

மறுநாள் தோழி அக்சிலியா வந்தாள். சேலத்துக்காரி, பள்ளியில் ஆங்கில ஆசிரியை. தமிழ்ச்செல்வி நம் மரபை விளக்கி வீடியோ போடப்போவதாகச் சொன்னாள்.

“விளக்கப் போறியா, மன்னிப்புக் கேக்கப் போறியா?”

“ரெண்டுந்தான்.”

“அப்ப மன்னிப்பு மொதல்ல வரட்டும்.”

அப்படியே செய்தார்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரின் மேல், உங்களைக் கேட்காமல் எங்கள் சடங்கைச் செய்தது தப்பு என்று முதலில் சொன்னாள். பிறகு குங்குமம் இப்படித்தான் ஆகிறது என்று மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டு, அது சிவப்பதைக் காட்டினாள். பூசணிக்காயை நறுக்கிக் கூட்டு வைத்து, கேமரா முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“இதுல பேயும் இல்லீங்க, சாமியும் இல்லீங்க. தேங்காய் அரைச்சு ஊத்துனா ருசியா இருக்கும்” என்றாள். அக்சிலியா அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தக் கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியை ஆக்னஸ் அதைத் தங்கள் மொழியில் எழுதிப் பகிர்ந்தார். நாங்களும் பூசணிக்குத் தேங்காய்ப்பால்தான் ஊற்றுவோம், நீங்கள் ஏன் வேர்க்கடலையை இடித்துப் போடவில்லை என்று ஒருத்தி கீழே கேட்டாள். வெங்காயம் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு நாட்டுப் பெண்களும் அங்கேயே மல்லுக்கு நின்றார்கள். இளம் அதிகாரி அதைத் தூதரகப் பக்கத்திலும் போட்டு, போலீசிடமும் பேசினார். ஆக்னஸ் ஊர்ப் பெண்களோடு நிலையத்துக்கே நடந்துபோய், இவர்களை விடுங்கள், எங்களுக்குக் கிணறு வேண்டும் என்றார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அமைச்சகத்தின் பதில் இன்னும் வரவில்லை.

வேலை மறுபடி தொடங்கிய நாளில் அவளுக்குத் தையலில் கை ஓடவில்லை. போன் வந்தது.

“ஏனுங்க, தண்ணி?”

“பொத்துக்கிட்டு வருது அம்மிணி. பூசணிக்கா ஒண்ணும் ஒடைக்கல.”

“அப்ப இத்தன வருசமா ஒடைச்சதெல்லாம்?”

“கூட்டு வெச்சிருக்கலாம்” என்றான் நந்தகுமார்.

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

நந்தகுமார் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். அவனைப்போல் நம் ஆட்கள் எத்தனையோ ஊரில், எத்தனையோ பேரின் நல்லெண்ணத்தை நம்பி உண்டு உறங்குகிறார்கள். உங்கள் குழுவைத் திறந்து பாருங்கள். அயல்நாட்டாரின் நிறத்தையோ பிறப்பையோ இழிவு செய்து யாராவது எழுதியிருந்தால், அது உங்கள் சொந்தச் சித்தப்பாவாகவே இருக்கட்டும், இப்போதே போன் போட்டு அழிக்கச் சொல்லுங்கள். அவர் அழிக்கும்வரை விடாதீர்கள்.