காது கேட்காத தாட்சாயணி

ஆந்திர எல்லையில் நகரி என்ற ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற தாட்சாயணிக்குப் பாம்புக் காது. பக்கத்துத் தெருவில் குக்கர் விசில் விட்டால் எந்த வீட்டுக் குக்கர் என்று சொல்லிவிடுவாள். ஆனால் திருப்பதியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைத்தால் மட்டும் அவள் செவிடு. அது நோயில்லை, கோபம்.

ஆரம்பித்து வைத்தது பொன்னியம்மா. சத்தியவேடு பக்கத்திலிருந்து, சர்க்கரைப் புண் வைத்த காலோடு தனியாக வந்திருந்தாள். தெலுங்கு அரைகுறை. "நீ தோடு எவரு?" என்று நர்ஸ் கேட்டாள். தெலுங்கில் தோடு என்றால் துணை; உன் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொன்னியம்மா காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தோட்டைக் கழற்றி மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்ததாகப் பணிவாகச் சொன்னாள். வரிசையே சிரித்தது.

தன் பிரஷர் மாத்திரைக்காக அங்கே உட்கார்ந்திருந்த தாட்சாயணிக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். வயசாகிவிட்டால், ஆளைக் கூட்டி வந்தால்தான் ஆளாக மதிப்பார்களா? விறுவிறுவென்று எழுந்து போய், தான்தான் தோடு என்றாள்.

டாக்டர் சின்னப் பையன். பொன்னியம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலை எடுக்க வேண்டும், விட்டால் பாதமே போய்விடும் என்று தாட்சாயணியிடம் தெலுங்கில் சொன்னான். சம்மதமா என்றும் அவளையே கேட்டான். காலையில்தான் பார்த்த ஒருத்தியிடம், இன்னொருத்தியின் விரலை வெட்டலாமா என்று கேட்கிறான்! விரலுக்குச் சொந்தக்காரி நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாட்சாயணி காதில் கை வைத்தாள். "எனக்குக் காது கேக்காது சார். அவங்களையே கேளுங்க."

அவன் கத்திப் பார்த்தான். அவள் அசையவில்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் வேறு வழியில்லாமல் பொன்னியம்மா பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னான். நல்ல தமிழில் சொன்னான். பாவி, அத்தனை நேரமும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்!

பொன்னியம்மா குனிந்து அந்தக் காலைத் தடவிக் கொடுத்தாள். "இத்தினி வருஷம் என்னைத் தூக்கிக்கினு திரிஞ்ச காலு நைனா. எடுத்துடு. ஆனா எங்கிட்ட சொல்லிட்டு எடு."

அதிலிருந்து நகரி, புத்தூர் பக்கத்தில் ஆளில்லாத வயசானவர்களுக்கெல்லாம் தாட்சாயணிதான் தோடு. ஆளிருந்தும் வாய் திறக்க விடப்படாதவர்களுக்கும் அவள்தான். துணையில்லாமல் வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேலே சொல்லிப் பார்த்தாள். பார்க்கலாம் என்றார்கள். இன்றைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவளுக்குக் காது கேட்கும் என்பது இப்போது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் தலை தெரிந்தாலே டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

போன ஆடியில் அவளே பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதே ஆஸ்பத்திரிதான். பெங்களூரிலிருந்து மகன் ஹேமநாத் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கு ஒன்றும் புரியாது, எதுவானாலும் தன்னிடம் சொல்லுங்கள் என்று புதிதாக வந்திருந்த டாக்டரிடம் சொன்னான். பாம்புக் காதாயிற்றே, அதில் விழுந்துவிட்டது. ஊராருக்காக இத்தனை காலம் மல்லுக்கட்டியவளுக்கு, தான் பெற்ற பிள்ளையே இப்படி! இடுப்பு வலியைவிட அதுதான் சுட்டது. கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஹேமநாத், உனக்குக் காது கேக்காது."

அவள் டாக்டர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"இப்போ சொல்லு நைனா."