குங்குமம் வைத்து அழைத்த பேருந்து

சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலையே உலு திராம் பேருந்து நிறுத்தம் ஒரு திங்கட்கிழமை தோற்கடித்துவிட்டது என்று கஸ்தூரி சொல்வாள். கேட்பவர் புருவத்தைத் தூக்கினால், “சரி, கொஞ்சம் ஏத்தித்தான் சொல்றேன். பாலத்துல லாரி ஜாஸ்தி, நம்ம பக்கம் பட்டுச்சேலை ஜாஸ்தி” என்று இறங்கி வருவாள்.

கஸ்தூரியின் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்து நிறுவனம் அவளை ஒருங்கிணைப்பாளர் என்கிறது. பேருந்தில் போகிற பெண்களுக்கு அவள் ‘ஏறு அக்கா’. விடியற்காலையில் நிறுத்தத்தில் நின்று “ஏறு, ஏறு, ஏறு!” என்று விரட்டுவதுதான் தொழில். எவள் சடை பின்னிக்கொண்டே ஓடி வருவாள், எவளுக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் குமட்டும், எந்த இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரப்பர்த் தோட்டத்தில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விடியுமுன்னே ஆள் கூப்பிட்ட தகப்பனிடமிருந்து வந்த குரல். ஒலிபெருக்கியைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாள்.

அந்தப் பேருந்துக்குத்தான் ஆபத்து வந்தது. நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் வேலை பார்க்கும் லோஷினி, செனாயில் பிறந்து வளர்ந்த பெண், நேரில் வந்து நயமாகத்தான் சொன்னாள்.

“பாதி சீட்டு காலியா ஓடுது ஆன்ட்டி. கூட்டம் அலைமோதுற எடத்துக்கு இந்த பஸ்ஸ அனுப்பலாம்ல? வர்ற திங்கக்கிழம நானே வந்து பாக்குறேன். ஆள் இருந்தா பஸ் இருக்கும்.”

ஆள் எங்கே? ஆளாளுக்குக் கார் வாங்கி, ஆளாளுக்கு நெரிசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பேருந்தும் போய்விட்டால், கார் இல்லாத பெண்கள் கொள்கலன் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் போகவேண்டியதுதான். கஸ்தூரி ஆள் சேர்க்க வழி தேடினாள்.

கைப்பேசியில் செய்தி அனுப்பினால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள், காலைத் தூக்கமாட்டார்கள். மறுக்கவே முடியாதபடி அழைக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குளித்து, தாம்பாளத்தில் குங்குமச் சிமிழும் கற்கண்டும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டாள்.

“நாளைக்குக் காலையில நம்ம பஸ்ஸு. குடும்பத்தோட வந்துடணும்.”

வேலைக்குப் போகிறவர்களை மட்டும் அழைப்பதுதான் எண்ணம். ஆனால் தாம்பாளத்தைக் கையில் ஏந்திய தமிழச்சியின் வாயில் ‘குடும்பத்தோட’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அவளால் கடைசி வீடு வரைக்கும் தடுக்க முடியவில்லை.

திங்கள் காலை பேருந்தை ஓட்டிவந்த ரூபேந்திரன் நிறுத்தத்தைப் பார்த்துத் தூரத்திலேயே பிரேக் போட்டான்.

“அலமாக்! அக்கா, யாருக்குக் கல்யாணம்?”

பட்டுச்சேலைகள், மல்லிகைச்சரம், பாவாடை தடுக்கி விழும் குழந்தைகள். தங்கராஜு குடும்பம் வண்ணத்தாள் சுற்றிய ரைஸ் குக்கரோடு வந்து, அதை யார் கையில் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குடியிருப்பான தாமானின் மலாய்க்காரப் பெண்கள் பலகாரத் தட்டோடு வந்திருந்தார்கள். கோயில் விருந்தென்றால் சாம்பார் வாளியைப் பிறர் தொட விடாத ஐயாசாமி, இன்றைக்கும் இடுப்பில் துண்டு கட்டித் தயாராக நின்றார். தொழிற்சாலைக்குப் போகவேண்டிய நீலச் சீருடைக்காரர்களோ கதவை நெருங்க முடியாமல் பின்னால் எம்பி எம்பிக் குதித்தார்கள்.

கூட்டத்தில் நசுங்கிய லோஷினி பேருந்தின் பக்கவாட்டில் பல்லிபோல் ஒட்டியிருந்தாள்.

“ஆன்ட்டி! பட்டு கட்டிக்கிட்டு யாரு மெஷின் ஓட்டப் போறா? வேலைக்குப் போறவங்க மட்டும்தான் கணக்கு. அவங்க ஏற முடியலன்னா, காலி பஸ்ஸுன்னுதான் நான் சொல்லணும்!”

அப்போதுதான் கஸ்தூரி பேருந்துப் படியில் புலிபோலப் பாய்ந்தாளாம். தகப்பன் குரலை எடுத்தாளாம்.

“இது மொதப் பந்தி! இப்ப ஷிப்டுக்குப் போறவங்க மட்டும் ஒக்காருங்க! ரெண்டாம் பந்தி ஏழரைக்கு! கேசரி ரெண்டாம் பந்திக்குத்தான்!”

கேசரி இல்லாத பந்தியில் முண்டியடிக்க யாருக்குப் பைத்தியம்? பட்டுச்சேலைகள் சரசரவென்று ஒதுங்கி வழிவிட்டன. ஒன்பது மணிக்குக் கணக்குப் பிரிவில் உட்காரவேண்டிய பெண்கள்கூட, எப்போதும் விடியலிலேயே காரை எடுத்து நெரிசலில் சேருகிறவர்கள், நைசாகப் பின்வாங்கினார்கள். சீருடைகள் ஏறின. ஒரு இருக்கையும் காலியில்லை. வரிசையை ஐயாசாமியிடம் ஒப்படைத்துவிட்டு கஸ்தூரியும் லோஷினியும் படியோரம் நின்றபடி போனார்கள்.

வழியில், கார் வாங்கி நாலு மாதமான செல்வராணி கொட்டாவி விட்டாள். “ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டு நெரிசல்ல நிக்கிறதுக்கு, இப்படித் தூங்கிக்கிட்டே போறது சொகம் லா. நாளைக்கும் எனக்கு ஒரு சீட்டு போடுங்க அக்கா.”

“எனக்கும்!” என்றது பின்வரிசை.

எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது லோஷினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கூட்ட நேரத்த விட்டுட்டு கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு மூணு மாசமா மெசேஜ் போட்டோம் ஆன்ட்டி, ஒருத்தர் நகரல. ஒரு வார்த்தைல பாதிக் கூட்டம் தானா தள்ளி நிக்குது! இந்த பஸ் இருக்கும். ஏழரைக்கும் ஒண்ணு ஓட்டிப் பாக்கச் சொல்றேன்.”

கஸ்தூரி முந்தானையை உதறிச் செருகினாள். “எல்லாம் மொதல்லயே யோசிச்சு வெச்சதும்மா. பந்தி பிரிக்கிற வித்தை நம்ம ரத்தத்துல ஊறுனது.”

ரூபேந்திரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“ஏன்க்கா, பந்தின்னு கத்துனது ஐயாசாமி மாமா. கேசரின்னு அளந்து விட்டதும் அவருதான். நீங்க அப்ப பஸ்ஸுக்குப் பின்னால குந்திக்கிட்டு, என் தோள் துண்ட வாங்கி மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தீங்க.”